செங்டுவில் பாண்டா பார்க்க: முதுகுப்பையோடு நாலு நாள், முழுமையான வழிகாட்டி

பாண்டா காலை பத்தரைக்கு மேல் தூங்கப் போய்விடும். சீனாவின் செங்டு நகருக்குப் போகும் பயணத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் சொல்லலாம் என்றால் நான் சொல்வது இதுதான், மிச்சமெல்லாம் இதைச் சுற்றி வருகிற ஏற்பாடு. முதல் தடவை போனபோது இது தெரியாமல் ஆற அமர எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பதினொன்றரைக்குப் பாண்டா மையத்துக்குள் நுழைந்தேன். பார்த்ததெல்லாம் முதுகுகள். மரக்கிளையில் ஈரப்போர்வையைக் காயப்போட்ட மாதிரி ஒன்று, மேடையில் மல்லாக்கப் படுத்துக் காலை மட்டும் தூக்கி வைத்திருந்த இன்னொன்று, அதைப் படமெடுக்க என் முன்னால் நாற்பது தலைகள். மறுநாள் திரும்பவும் டிக்கெட் போட்டு ஏழரைக்கே வாசலில் நின்றேன். அதே இடமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

ஆக, பாண்டாவுக்கு மட்டும் ஓடுங்கள், மற்ற எதற்கும் ஓடாதீர்கள். செங்டு அவசரப்படுகிறவர்களின் ஊர் இல்லை.

எப்போது போவது

பாண்டா குளிர்ப் பிரதேசத்து மலை விலங்கு. வெயில் 26 டிகிரியைத் தாண்டினால் அவற்றை ஏசி அறைக்குள் கொண்டுபோய்விடுவார்கள், கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்க முடியும். அதனால் ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், உள்ளூர் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஆனால் குட்டிகள் பெரும்பாலும் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள்தான் பிறக்கும் என்பதால், உள்ளங்கை அளவு இளஞ்சிவப்புக் குட்டியை இன்குபேட்டரில் பார்க்கும் ஆசை இருந்தால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் என்று துணிந்து போகலாம். பிறக்கும்போது குட்டியின் எடை 100 கிராம் சொச்சம்தான், தாயின் எடையில் கிட்டத்தட்ட 900இல் ஒரு பங்கு.

மார்ச்சிலிருந்து மே வரை நல்லது, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை ரொம்ப நல்லது. டிசம்பர், ஜனவரியில் நமக்குக் குளிரும், பாண்டாவுக்குக் கொண்டாட்டம். அக்டோபர் 1 முதல் ஒரு வாரம், மே மாத முதல் ஐந்து நாள், சீனப் புத்தாண்டு, இந்த மூன்றையும் காலண்டரில் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். அந்த நாள்களில் பாண்டாவைவிட மனிதர்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

இன்னொன்று, இங்கே வெயிலை எதிர்பார்த்துத் துணி எடுத்து வைக்காதீர்கள். செங்டு இருக்கும் மாகாணம் சிச்சுவான். சிச்சுவான் நாய் சூரியனைப் பார்த்துக் குரைக்கும் என்று சீனத்தில் ஒரு பழைய வழக்கே இருக்கிறது. அவ்வளவு அபூர்வமாம் அங்கே சூரியன். வானம் பெரும்பாலும் கழுவாத எவர்சில்வர் தட்டு நிறத்தில்தான் இருக்கும். மழைக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட் பையில் கிடக்கட்டும்.

கிளம்பும் முன்

விசா. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குச் சீனா டூரிஸ்ட் விசா தருகிறது. சென்னையில் சீனத் தூதரக அலுவலகம் கிடையாது. தில்லியில் தூதரகம், மும்பையிலும் கொல்கத்தாவிலும் துணைத் தூதரகங்கள். நேரில் போய் அலைய முடியாதென்றால் ஏஜென்ட் வழியாகக் கொடுப்பதுதான் நடைமுறை. ஆன்லைனில் நிரப்பும் படிவம் நீளம், ஒரே உட்காரலில் முடிக்கப் பாருங்கள். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் வரை விசாவே வேண்டாம், நீங்கள் நேராக அடுத்த பத்திக்குப் போகலாம். சீனாவின் 240 மணி நேர டிரான்சிட் சலுகையைப் பற்றி வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அந்த நாடுகள் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. அதை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

பணம். இது விசாவைவிட முக்கியம் என்பேன். செங்டுவில் தெருவோரம் சக்கரவள்ளிக்கிழங்கு சுட்டு விற்கிற பாட்டிகூட க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் உட்கார்ந்து அலிபே, வீசாட் என்ற பணம் கட்டும் செயலிகள் இரண்டையும் போனில் இறக்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி சரிபார்ப்பை முடித்து, விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றை இணைத்துவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்க வங்கி செயலியில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை மறந்துவிட்டு அங்கே போய் ஓடிபிக்காகக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டுக் கார்டில் 200 யுவானுக்கு மேல் போகும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 3 சதவீதம் கட்டணம் உண்டு. பேக்பேக்கர் செலவில் அந்த எல்லையை அடிக்கடி தொடமாட்டீர்கள். போன் செத்துப்போகும் நாளுக்காகச் சில்லறை நோட்டாக 300, 400 யுவான் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யுவான் நம் காசில் தோராயமாக 12, 13 ரூபாய்.

இணையம். வாட்ஸ்அப், கூகுள், யூடியூப், இன்ஸ்டாகிராம் எதுவும் அங்கே திறக்காது. ஆனால் வெளிநாட்டு சிம்மின் ரோமிங் டேட்டாவிலோ, பயணத்துக்கென்று வாங்கும் இசிம்மிலோ போனால் எல்லாம் வழக்கம்போல ஓடும். ஹாஸ்டல் வைஃபைக்கு மாறியதும் நின்றுவிடும். 'வாட்ஸ்அப் போச்சே' என்று பதறாமல் வைஃபையை அணைத்தால் சரி. வரைபடத்துக்கு கூகுளை நம்பினால் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தும். ஆமேப் என்ற உள்ளூர் செயலியில் இப்போது ஆங்கிலமும் இருக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்பே இறக்கிவைத்துவிடுங்கள், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

பாஸ்போர்ட் அசல் எப்போதும் உங்கள் இடுப்பிலேயே இருக்க வேண்டும். பாண்டா டிக்கெட், ரயில் டிக்கெட், அருங்காட்சியகம், எல்லாமே பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. நகல் செல்லாது.

இறங்குவதும் தங்குவதும்

செங்டுவுக்கு இரண்டு விமான நிலையங்கள். தியான்ஃபு புதியது, 2021இல் திறந்தது, நகரிலிருந்து 50 கிலோமீட்டர். ஷுவாங்லியு பழையது, கிட்ட இருக்கிறது. கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியாக வருகிற நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் தியான்ஃபுவில்தான் இறங்குவோம். அங்கிருந்து மெட்ரோ 18ஆம் தடத்தில் ஏறி செங்டு தெற்கு ரயில் நிலையத்தில் இறங்கி 1ஆம் தடத்துக்கு மாறலாம். ஷுவாங்லியுவில் இறங்கினால் 10ஆம் தடம், தாய்பிங்யுவானில் 3ஆம் தடம் கிடைக்கும். மெட்ரோவில் நுழையும் ஒவ்வொரு முறையும் பையை ஸ்கேனரில் போட வேண்டும், பெரிய பை என்றாலும் விதிவிலக்கு இல்லை. இரவு பதினொரு மணி வாக்கில் மெட்ரோ அடங்கிவிடும். அதற்கு மேல் வருகிற விமானம் மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால் மிச்சம் பிடித்த காசு டாக்சியில் போய்விடும்.

தங்க இரண்டு இடம் சொல்வேன். ஒன்று வென்ஷு மடாலயத்தைச் சுற்றிய தெருக்கள், 1ஆம் தடம். மரங்கள், டீக்கடைகள், சத்தம் குறைவு. இன்னொன்று சுன்ஷி ரோடு, நகரின் கடைவீதி. 2, 3 இரண்டு தடங்களும் அங்கே சந்திக்கின்றன, பாண்டாவுக்குப் போகும் வண்டி நேராக அங்கிருந்தே கிடைக்கும். டார்மிட்டரியில் ஒரு படுக்கை 50 முதல் 80 யுவான் வரை. விடுதிக்காரர்களே உங்கள் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து போலீசில் பதிவு செய்துவிடுவார்கள். யாராவது நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே போய்ப் பதிய வேண்டும், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாண்டா நாள்

நான் சொல்வது 1987இல் காட்டிலிருந்து மீட்ட ஆறு பாண்டாக்களோடு தொடங்கிய செங்டு பாண்டா இனப்பெருக்க ஆராய்ச்சி மையத்தை. டிக்கெட் 55 யுவான். முன்பதிவு ஆன்லைனில், பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கொடுத்து. வீசாட்டுக்குள் இருக்கும் அவர்களின் பக்கம் சீனத்தில் திணறடித்தால், பயண செயலிகள் வழியாகவோ ஹாஸ்டல் வரவேற்பில் இருக்கும் பையனிடம் கேட்டோ போட்டுக்கொள்ளலாம். காலை நேரத்துக்கே போடுங்கள்.

ஒன்று: முந்தின இரவே ரொட்டி, வாழைப்பழம் ஏதாவது வாங்கி வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் கடை தேடக் கூடாது.

இரண்டு: ஆறரைக்கு ஹாஸ்டலை விட்டு வெளியே. குளிர்காலத்தில் ஏழு மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கும், நாடு முழுக்க பெய்ஜிங் நேரம் என்பதால் மேற்கே தள்ளி இருக்கும் செங்டுவில் விடிவது தாமதம். 3ஆம் தடத்தில் 'பாண்டா அவென்யூ' என்றே ஒரு நிலையம் இருக்கிறது. இறங்கி வெளியே வந்தால் மையத்துக்குப் போகும் பஸ். மூன்று நான்கு பேர் என்றால் டிடி என்ற செயலியில் டாக்சி பிடிப்பது சுலபம், அலிபேக்குள்ளேயே டிடி இருக்கிறது.

மூன்று: ஏழரை வாக்கில் கேட் திறக்கும். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் முதலில் தென்படும் பாண்டாவிடம் நின்றுவிடுவார்கள். நீங்கள் நிற்காதீர்கள். நேராக இளம் பாண்டாக்களும் குட்டிகளும் இருக்கும் பகுதிக்கு நடங்கள். பெரியவை பிறகு கிடைக்கும், குட்டிகள் விளையாடும் நேரம் கிடைக்காது. இடம் பெரிது, ஏற்ற இறக்கம் உண்டு, சில வருடங்களுக்கு முன் மேற்குப் பக்கமாக நீட்டியதில் இன்னும் பெரிதாகிவிட்டது. முட்டிவலி உள்ளவர்களுக்கு உள்ளே பேட்டரி வண்டி ஓடுகிறது, தனிக் கட்டணம்.

நான்கு: ஹுவா ஹுவாவைப் பற்றி முடிவெடுங்கள். 2020 ஜூலை 4இல் பிறந்த பெண் பாண்டா, கழுத்தே இல்லாத முக்கோணச் சோற்றுருண்டை மாதிரி உருவம், சீனா முழுக்க ரசிகர்கள். அதைப் பார்க்க மட்டும் தனி வரிசை, கூட்டமான நாளில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள். என் கருத்தைக் கேட்டால், வேண்டாம். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் மற்றப் பாண்டாக்கள் எல்லாம் விழித்திருக்கின்றன. அப்படியும் பார்த்தே தீருவேன் என்றால் கேட் திறந்ததும் வேறெங்கும் திரும்பாமல் அங்கேயே ஓடுங்கள்.

ஐந்து: ஓர் இடத்தில் இருபது நிமிடமாவது நில்லுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. நான் நின்ற இடத்தில் ஒரு பெரிய பாண்டா, திண்ணையில் சாய்ந்த தாத்தா போல முதுகைக் கல்லில் முட்டுக்கொடுத்து, தொப்பை மேல் மூங்கில் குவியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு தண்டை எடுக்கும், மோந்து பார்க்கும், பிடிக்கவில்லை என்றால் தோளுக்கு மேல் வீசிவிடும். பிடித்ததைக் கடைவாயில் வைத்து ஒரு திருகு, பச்சைத் தோல் நாடா நாடாவாக உரிந்து மடியில் விழும், உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி 'மொறுக் மொறுக்'கென்று உள்ளே போகும். தெருவில் நாம் கரும்பு கடிக்கிற அதே சத்தம். மூங்கிலை அவ்வளவு லாவகமாகப் பிடிப்பது விரலால் மட்டும் இல்லை. மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு பெருவிரல் மாதிரி வேலை செய்கிறது, கவனித்தால் அந்த மேடு தெரியும். குடல் என்னவோ மாமிசம் தின்னும் விலங்கின் குடல்தான். தின்கிற மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிக்காது, அதனால்தான் நாள் முழுக்கத் தின்பதும் மிச்ச நேரம் அசையாமல் கிடப்பதுமாகப் பிழைப்பை ஓட்டுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்த வாக்கில் கண்ணை மூடியது. கையில் பாதி தண்டு அப்படியே இருந்தது. மணியைப் பார்த்தேன், பத்து இருபது.

ஆறு: இவை தூங்கப் போன பிறகு சிவப்புப் பாண்டாக்களிடம் வாருங்கள். நம் சிக்கிமின் மாநில விலங்கு இதுதான், ஆனால் நான் முதன்முதலில் பார்த்தது இங்கேதான். பெரிய பாண்டாவுக்கு நெருங்கிய சொந்தம்கூடக் கிடையாது, தனிக் குடும்பம். அடைப்புக்குள்ளேயே நடைபாதை போகிறது, வாலைத் தூக்கிக்கொண்டு உங்கள் காலருகே கடந்து போகும். தொடாதீர்கள், கடிக்கும்.

சத்தம் போடுவது, கண்ணாடியைத் தட்டுவது, பிளாஷ் அடிப்பது எல்லாம் கூடாது. தின்பண்டமோ வேறெதுவுமோ உள்ளே வீசியவர்களுக்கு வாழ்நாள் தடை போட்டிருக்கிறார்கள், சும்மா மிரட்டல் இல்லை. 'பாண்டாவைக் கட்டிப்பிடித்துப் படம்' என்று யாராவது பாக்கேஜ் விற்றால் நகர்ந்துவிடுங்கள். பழைய படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்தக் காலம் போய்விட்டது.

பன்னிரண்டுக்குள் வெளியே வந்துவிடலாம்.

மத்தியானம்: மூங்கில் நாற்காலி

வந்த கையோடு அடுத்த இடத்துக்கு ஓடாமல் மக்கள் பூங்காவுக்குப் போங்கள். உள்ளே குளத்தோரம் ஹெமிங் டீக்கடை, 1923இலிருந்து இருக்கிறது. மூங்கில் நாற்காலியில் இடம் பிடித்தால் மூடி போட்ட கிண்ணத்தில் தேயிலையும், பக்கத்தில் ஒரு பிளாஸ்க் வெந்நீரும் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு தரம் காசு கொடுத்தால் போதும், சாயங்காலம் வரை வெந்நீர் ஊற்றி ஊற்றிக் குடிக்கலாம், யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். மூடியாலேயே இலையை ஒதுக்கிவிட்டு உறிஞ்ச வேண்டும். பால், சர்க்கரை கேட்டுவிடாதீர்கள்.

கொஞ்ச நேரத்தில் 'டிங்' என்று ஓர் உலோக ஓசை மேசைகளுக்கு நடுவே நகர்ந்து வரும். காது குடைகிறவர். நெற்றியில் விளக்கு, கையில் நீண்ட கம்பிகளும் இறகுகளும். நான் பயந்து பயந்துதான் உட்கார்ந்தேன். கடைசியில் அந்த உலோகக் கவையைத் தட்டி காதுக்குள் இருந்த கம்பியில் வைத்தார், மண்டைக்குள் தம்புரா மீட்டின மாதிரி ஒரு அதிர்வு, முதுகு முழுக்கச் சிலிர்த்துவிட்டது. விலையை முன்பே பேசிவிடுங்கள்.

பூங்காவின் இன்னொரு மூலையில் பெற்றோர்கள் பிள்ளைகளின் வயது, உயரம், படிப்பு, சம்பளம் எழுதிய தாளை வைத்து வரன் தேடிக்கொண்டிருப்பார்கள். இதற்கு நமக்கு விளக்கவுரை தேவையில்லை.

குவான்ஜாய், ஜின்லி என்று இரண்டு பழைய தெருக்களை எல்லாரும் பரிந்துரைப்பார்கள். விளக்கு போட்ட பிறகு அரை மணி நேரம் நடக்கலாம், சாப்பிட வேண்டாம், விலை இரட்டிப்பு. சுன்ஷி ரோட்டில் கட்டிட உச்சியில் ஏற முயலும் 15 மீட்டர் பாண்டா சிலையைத் தேட வேண்டியதில்லை, எல்லாரும் அண்ணாந்து நிற்கும் இடம்தான்.

சாப்பாடு

'நமக்கென்ன, காரத்திலேயே வளர்ந்தவர்கள்' என்ற நினைப்போடு போய் அடிபட்டவன் எழுதுகிறேன். சிச்சுவான் சாப்பாட்டில் இரண்டு விஷயம்: 'லா' என்றால் மிளகாய்க் காரம், 'மா' என்றால் மரத்துப்போவது. லாவை நாம் சமாளிப்போம். மா வேறு சங்கதி. ஹுவாஜியாவ் என்கிற சிச்சுவான் மிளகு ஒன்று கடிபட்டால் பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி உதடு துடிக்கும், நாக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும், வெறும் தண்ணீரே வேறு சுவையாகத் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை, பத்து நிமிடத்தில் போய்விடும்.

ஹாட்பாட் போகும்போது நடுவில் தடுப்பு வைத்த பாத்திரம் கேளுங்கள், 'யுவான்யாங்', ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் காரமில்லாதது. தொட்டுக்கொள்ள நல்லெண்ணெயும் நசுக்கிய பூண்டும். ஆமாம், நல்லெண்ணெய்தான், நம் வீட்டு வாசம் அடிக்கும்.

சைவக்காரர்கள் கவனமாகப் படியுங்கள். சிவப்புக் குழம்பின் அடிப்படை மாட்டுக் கொழுப்பு. வெள்ளைக் குழம்பு எலும்பில் காய்ச்சியது. மாபோ டோஃபு பெயரில்தான் டோஃபு, மேலே கொத்துக்கறி இருக்கும். 'வோ ச்சி சு', நான் சைவம், என்ற மூன்று சொல்லைச் சீன எழுத்தில் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள், நம் உச்சரிப்பை நம்ப வேண்டாம். கூடவே 'இறைச்சி, மீன், முட்டை, கோழிச் சாறு, விலங்குக் கொழுப்பு வேண்டாம்' என்று தனித்தனியாக எழுதி வையுங்கள். வெறுமனே 'கறி வேண்டாம்' என்றால் கறியை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். நிம்மதியாகச் சாப்பிட வென்ஷு மடாலயத்திலேயே சைவ உணவகம் இருக்கிறது. தெருவில் பிங்ஃபென் கிடைக்கும், குளிர்ந்த ஜெல்லி மேல் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்றை ஊற்றித் தருவது. மா தாக்கிய நாக்குக்கு அதுதான் மருந்து.

ஒரு நாள் வெளியூர்

இருக்கிற நாளில் ஒன்றைத் துஜியாங்யானுக்கு ஒதுக்குங்கள். 2ஆம் தடத்தின் கடைசியில் ஷிபு, அங்கேயே வேக ரயில், அரை மணிப் பயணம், பத்து யுவான் சொச்சம்தான். கி.மு. 256 வாக்கில் லி பிங் என்ற ஆளுநர் மின் ஆற்றைப் பிரித்த பாசனத் திட்டம் அங்கே இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. குறுக்கே அணை கட்டவில்லை. ஆற்றின் நடுவே மீன்வாய் வடிவில் ஒரு கரை, அதில் மோதி ஆறு இரண்டாகப் பிரிகிறது. வெடிமருந்து இல்லாத காலம், மலையைப் பிளக்கப் பாறையைத் தீயில் காய்ச்சித் தண்ணீரை ஊற்றி வெடிக்க வைத்தார்களாம். தொங்குபாலத்தில் நின்று பாருங்கள், ஆறு இரண்டாகப் பிரிந்து போவது தெரியும்.

பாண்டா ஆசை அடங்கவில்லை என்றால் அதே ஊரில் பாண்டா பள்ளத்தாக்கு என்று இன்னொரு மையம் உண்டு, கூட்டம் குறைவு. லெஷானின் 71 மீட்டர் புத்தரைப் பார்க்க இன்னொரு நாள் வேண்டும், ரயிலில் ஒரு மணி நேரம். நாலே நாள் என்றால் விட்டுவிடலாம், அதை எடுத்தால் டீக்கடை நாள் போய்விடும்.

செலவும் கிளம்புதலும்

படுக்கை, சாப்பாடு, மெட்ரோ, ஒரு நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து நாளுக்கு 250 யுவானில் நான் ஓட்டினேன். ஹாட்பாட் நாளில் மட்டும் எகிறியது. பிளாஸ்க் எடுத்துப் போங்கள், ரயில் நிலையம், விடுதி எங்கும் வெந்நீர்க் குழாய் இருக்கும், பாட்டில் தண்ணீர் வாங்கத் தேவையில்லை. டிஷ்யூவும் பையில் இருக்கட்டும், பொதுக் கழிப்பறைகளில் பல இடங்களில் இருக்காது.

திரும்பும்போது டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். தவறான நிலையத்துக்குப் போய்விட்டால் இரண்டையும் இணைக்கும் 19ஆம் தடம் இருக்கிறது, ஆனால் விமானம் காத்திருக்காது. சீனாவுக்குள்ளேயே வேறு ஊருக்குப் பறப்பதாக இருந்தால் பவர்பேங்கைப் புரட்டிப் பாருங்கள். சீனப் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இல்லாததை 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை. நம்மூரில் வாங்கியதில் பெரும்பாலும் இருக்காது, பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுப்பதைவிட ஹாஸ்டலில் யாருக்காவது கொடுத்துவிட்டு வரலாம்.